வில்லியனூர் மாடியில் நான் மாட்டிய மிருகப் பலகை

பாகூரில் செங்கல் சூளை போட்டவன் நான். அந்த மண்ணில் சூளை நிற்காது என்று சொன்னவர்களின் வீட்டுச் சுவரில் இன்று என் செங்கல்தான் இருக்கிறது. ரைஸ் மில் கட்டினேன். மில்லுக்கு மின்சாரம் வர எட்டுக் கம்பம் நட வேண்டும் என்றார்கள். எட்டுக் குழியும் என் கண் முன்னால் தோண்டியது, அதில் இரண்டு நானே தோண்டியது. கல்யாண மண்டபம் கட்டினேன். முந்நூறு பேர் ஒரே பந்தியில் இடிக்காமல் சாப்பிடலாம். பஸ் நிற்காத இடத்தில் பஸ் நிற்க வேண்டும் என்று நிழற்குடை கட்டினேன். பஸ் இன்னும் நிற்பதில்லை. நிழல் இருக்கிறது.

படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறு விற்றுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் போன வாரங்களில் இந்தப் பத்திரிகையில் விரிவாக எழுதிவிட்டேன். படித்துவிட்டு அரியாங்குப்பத்து வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "ஐயா, எல்லாம் நானே செய்தேன் என்கிறீர்கள். நீங்கள் செய்யாதது ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. ஷேர் மார்க்கெட்டை நான் செய்யவில்லை. நான் போவதற்கு முன்பே அது இருந்தது. ஆனால் அதை வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அந்தக் கதை இது.

நாற்காலி மேல் தணிகாசலம்

எப்போது நினைத்தாலும் முதலில் கண்ணில் வருவது தணிகாசலத்தின் குதிகால்.

வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் என் மருமகன் சரவணனின் ஷேர் ஆபீஸ். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த பலகையில் தன் பெயரைத் தணிகாசலம் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாகூரில் உரக்கடை வைத்திருப்பவர். ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் வீட்டுக்குத்தான் கட்டுவார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நகத்துக்குள் சிவப்புப் பெயின்ட். நாற்காலியின் கால்கள் அகன்றுகொண்டே போயின.

"எறங்குபா, வுழுந்துடுவ" என்றேன்.

"எங்க வூட்டுக்கு மொத மரியாதை. என்னைக் கொண்டுபோய்க் கோழியில எழுதிக்கினு, எறங்குன்றியா?"

"கோழின்னா கேவலம் இல்லபா. ஜாக்கிரதையான ஆளுன்னு அர்த்தம்."

"அப்டின்னா உன் பேரை எழுதிக்கோ."

அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆள். கீழே பாத்திரக் கடைக்காரர் குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நிலைமை எப்படி வந்தது என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டேப் இழுக்கும் சத்தம்

என் மகள் மலர்விழியைச் சரவணனுக்குக் கொடுத்தேன். நல்ல பையன், குரல் உயர்த்தமாட்டார். சென்னையில் இருக்கும் ஒரு ஷேர் கம்பெனிக்கு இங்கே கிளை நடத்தும் வேலை. கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. தை பிறப்பதற்குள் நூறு பேரைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கிளையை மூடிவிட்டு மாப்பிள்ளையை ஓசூருக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆறு மாதத்தில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரி, மலர்விழி, பாத்திரக் கடைக்காரர். ஐந்தாவது ஆள், போஸ்ட் ஆபீஸ் என்று நினைத்து மாடி ஏறி வந்தவர்.

மார்கழி பிறந்த சமயம் ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். மலர்விழி பழுப்பு டேப்பை நீளமாக இழுத்துப் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணி கிழிகிற மாதிரி, ஆனால் இன்னும் கொஞ்சம் கெட்ட சத்தம்.

"இன்னாத்துக்குடி இப்பவே கட்டற?"

"கடைசி நேரத்துல கட்டினா கண்ணாடி டம்ளரு ஒடையும்பா."

அவள் வெள்ளிக்கிழமை தோறும் ஸ்கூட்டியில் பாகூர் வருவாள். என் டீயில் எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கிறது என்று குடித்துப் பார்த்து, அம்மாவைத் திட்டிவிட்டு, மீதி டீயை அவளே குடித்துவிட்டுப் போவாள். ஓசூரிலிருந்து அதெல்லாம் நடக்காது.

அன்றைக்கே முடிவு செய்தேன். சூளை போட்டவனுக்கு, மில் கட்டியவனுக்கு, நூறு ஆளைச் சேர்ப்பது ஒரு வேலையா?

மாப்பிள்ளை நடத்திய பாடம்

முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? மறுநாள் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் படம் படமாகக் காட்டினார். பார்த்தால் எல்லாம் மிருகம்.

"மாமா, மார்க்கெட் ஏறும்னு நம்பி வாங்கறவர் காளை. எறங்கும்னு நெனைக்கறவர் கரடி."

"ஏன் அப்டி?"

"காளை கொம்பால கீழேர்ந்து மேல தூக்கும். கரடி நகத்தால மேலேர்ந்து கீழ அடிக்கும்னு சொல்வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பாடம் எனக்கா? மடுகரைப் பக்கத்துச் சந்தையில் காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயசு சொன்னவன் நான். சுழி பார்ப்பேன். நெற்றியில் எந்தச் சுழி இருந்தால் வாங்கலாம், முதுகில் எந்தச் சுழி இருந்தால் கயிறோடு விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று பெரிய பெரிய மிராசுதாரர்கள் என்னைக் கேட்டுத்தான் துண்டுக்கடியில் கையை விட்டு விலை பேசுவார்கள். காளை எப்போதும் மேலே தூக்கும் என்று எழுதியவன் காளையோடு ஒரு நாள்கூட இருந்திருக்கமாட்டான். பாதிக் காளை படுத்துக்கொண்டுதான் இருக்கும்.

கரடியைப் பற்றியும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருவன் கரடியைக் கயிற்றில் கட்டி ஊருக்குள் கூட்டி வந்தான். ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். என் அப்பா அதன் மயிர் ஒன்றை வாங்கித் தாயத்துக்குள் வைத்து என் இடுப்பில் கட்டினார். எதற்கு? பயம் போக. எங்கள் ஊரில் பயத்தைப் போக்குவது கரடி. மார்க்கெட்டில் பயந்தவனுக்குப் பெயர் கரடியாம்.

"இதை மாத்தச் சொல்லி மேல எழுதுங்க மாப்ள" என்றேன்.

"மேலன்னா யாருக்கு மாமா எழுதறது?" என்றார்.

மற்ற மிருகங்களையும் சொன்னார். பேராசைப்பட்டு மாட்டிக்கொள்பவர் பன்றி. யாரோ வாங்கினார் என்று தானும் வாங்குபவர் ஆடு. பயந்து பக்கத்திலேயே வராதவர் கோழி. ஒருவர் அசைந்தால் மார்க்கெட்டே அசைகிற பெரிய கை திமிங்கலம். புது ஷேர் வந்ததும் வாங்கி, மறுநாளே விற்றுவிட்டுத் துள்ளி ஓடுபவர் மான்.

கேட்கக் கேட்க என் மனதில் ஆள் ஆளாக வந்து நின்றார்கள். இவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். மனை போட்ட அன்றே முன்பணம் கொடுத்து மறுநாள் கைமாற்றும் மான்கள் அரியாங்குப்பத்தில் மந்தை மந்தையாக இருக்கிறார்கள். ஜனங்களுக்கு ஷேர் புரியாமல் இருப்பதற்குக் காரணம், யாரோ பம்பாய்க்காரன் காளை என்றால் நமக்கு எப்படித் தெரியும்? நம் ஊர் ஆள் பெயரை எழுதிப் போட்டால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இந்த யோசனை எனக்கு வந்தபோது மணி பதினொன்று. பாத்திரக் கடையில் யாரோ ஒரு தாம்பாளத்தைக் கீழே போட்டார்கள். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏகாம்பரத்தின் தூரிகை

மாப்பிள்ளை கம்பெனி மீட்டிங்குக்குச் சென்னை போன நாளாகப் பார்த்து, பெயின்டர் ஏகாம்பரத்தை வரவழைத்தேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் உபயதாரர் பலகை எழுதுவது அவர்தான். யார் தேருக்கு வடம் கொடுத்தார், யார் பந்தல் போட்டார் என்று மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் வரிசையாக எழுதுவார். வரிசை மாறினால் ஊரில் அடிதடி நடக்கும். அவ்வளவு முக்கியமான கை.

ஒரு தவறு நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். அது ஏகாம்பரத்தின் தவறு. அவருக்கு ஒரே மாதிரிதான் எழுதத் தெரியும். நான் சொன்ன மிருகங்களையும் மஞ்சளில் சிவப்பாக எழுதினார். மேலே பிள்ளையார் சுழி போட்டார். ஒவ்வொரு பெயருக்கும் இனிஷியல், ஊர், ஆண்களுக்குத் 'திரு', பெண்களுக்குத் 'திருமதி'. பலகையின் அடியில் கைப்பழக்கத்தில் 'இங்ஙனம், விழாக்குழுவினர்' என்றும் எழுதிவிட்டார்.

காளைக்குக் கீழே முதல் பெயர் என்னுடையது. அடுத்தது போர்வெல் லாரி வைத்து நடத்தும் பாகூர் சரோஜா. கரடிக்குக் கீழே ஒரே ஒருவர், எந்த வருஷம் கேட்டாலும் மழை இல்லை என்று சொல்லும் ரிட்டயர்டு வாத்தியார். பன்றிக்கு மடுகரைக் கரும்பு விவசாயி வேணுகோபால். ஆட்டுக்குப் பூரணாங்குப்பத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த பதினேழு பேர். ஒருவர் வாசலில் டைல்ஸ் போட்டதும் தெரு முழுக்க அதே பச்சை டைல்ஸ் போட்டவர்கள். கோழிக்கு முதல் பெயர் தணிகாசலம். பைபாஸ் வருவதற்கு முன் அதன் ஓரத்து நிலத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவதாக இருந்தது. பத்திர ஆபீஸ் வாசல் வரை வந்தவர், வயிறு சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.

திமிங்கலத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அங்கேயும் என் பெயரையே எழுதச் சொன்னேன்.

பலகை சாலையைப் பார்த்து மாட்டப்பட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் நின்று படித்தார்கள். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, பிள்ளையார் சுழி. எங்கள் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். மரியாதை வரிசை. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில். மதியத்துக்குள் செய்தி கடற்கரை வரை போய்விட்டது.

ஆடுகள் வந்த வேன்

முதலில் வந்தவர் தணிகாசலம். நாற்காலி கதை சொன்னேன். பின்னாலேயே ஒரு மினி வேன் வந்து நின்றது. பதினேழு பேர் இறங்கினார்கள்.

"எங்களை இன்னா ஆடுன்னு எழுதிக்கினு இருக்கீங்க?"

"யாரு மொதல்ல கெளம்பினது?" என்று கேட்டேன்.

"முருகேசன் கெளம்பினான்."

"அப்பறம்?"

"நாங்களும் கெளம்பினோம்."

பலகையில் ஆடு என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினேன்.

பிறகு அவர்களில் ஒருவர் கேட்டார். "அது இருக்கட்டும். திமிங்கலத்தை நேர்ல பார்த்தவங்க நாங்க. எங்க கரையில ஒதுங்குச்சு. பாகூர்க்காரர் நீங்க எப்டி அதுல எழுதிக்கலாம்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் மடுகரை வேணுகோபால் வந்தார். பன்றிக்குக் கீழே இருப்பவர். அடிக்கப்போகிறார் என்று ஒதுங்கினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெருமாளே எடுத்த அவதாரம்" என்றார். "எனக்கு இத்தினி வருஷத்துல இந்த மரியாதையை யாரும் குடுத்ததில்ல மில்லுக்காரரே."

"அப்டிப் பாத்தா ஆட்டுல ஒரு சாமியும் இல்லியே" என்று முருகேசன் ஆரம்பித்தார். தகராறு இன்னும் பெரிதாயிற்று.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். தோளில் பை, வாய் பாதி திறந்திருந்தது. பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். விழாக்குழுவினர் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"இன்னா மாமா இது?"

"பாடம்" என்றேன்.

"அவ்ளோதான் மாமா. இன்னிக்கே மூடிடுவாங்க."

எனக்குக் காதில் டேப் இழுக்கும் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நானும் ஒரு நாற்காலி மேல் ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்கபா. பலகை ஆபீசோடது. ஆபீஸ்ல சேந்தவங்களுக்குத்தான் பேரை எடம் மாத்தச் சொல்ல உரிமை. வெளியாளு பேரு எழுதினது எழுதினதுதான்."

தணிகாசலம் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"சேர்றதுக்கு இன்னா வேணும்?"

"ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக்" என்றேன்.

வேன் பூரணாங்குப்பம் போய், பதினேழு பேரின் கார்டுகளையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே இன்னொரு வேனும் வந்தது. அதில் வந்தவர்கள் பெயர் பலகையிலேயே இல்லை. இல்லாததுதான் அவர்களுக்குக் கோபம்.

அடுத்த மூன்று நாள் அந்த மாடி பட்ட பாடு. செல்போனில் வரும் ஓடிபியை ஆளாளுக்குச் சத்தமாகப் படித்தார்கள். "சத்தமா சொல்லாதீங்க" என்று மாப்பிள்ளை சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் யாரையும் ஏமாற்றவில்லை. நஷ்டம் வரலாம் என்ற பக்கத்தை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினார். ஒரு மாதப் பால் காசுக்கு மேல் யாரும் போடக்கூடாது என்று தடுத்தார். அவர்கள் காதில் அது ஏறவில்லை. சேர்ந்ததும் நேராக ஏகாம்பரத்திடம் போய், "காளையில எழுது" என்றார்கள்.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர். வேணுகோபாலையும் வாத்தியாரையும் தவிர எல்லாரும் காளை.

வயிறு சரியில்லாதவர்

மார்க்கெட் மறுநாள் காலை விழுந்தது.

பெரிய வீழ்ச்சி இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஆனால் முதன்முதலாகப் பார்ப்பவனுக்குச் சிவப்பு சிவப்புதான். காளைகள் ஒவ்வொன்றாக மாடி ஏறி வந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தன. வாத்தியார் மட்டும் ஒரு மூலையில் காலாட்டிக்கொண்டு, "நான் சொன்னேன்ல" என்றார். யாரிடம் எப்போது சொன்னார் என்று தெரியாது.

அப்போது தணிகாசலம் வந்தார். கையில் ஐந்து கிலோ லட்டு.

"இன்னாபா, உனக்கு எவ்ளோ போச்சு?" என்றேன்.

"எனக்கு ஏன் போவுது? சேந்தேன். காசு போடல."

"ஏன்?"

"வயிறு சரியில்ல."

எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். "என் பேரைக் காளையிலேர்ந்து எடு. மறுபடியும் கோழியில எழுது. மொதப் பேரா எழுது."

முதல் பரிவட்டக்காரர் எங்கே போகிறாரோ அதுதான் எங்கள் ஊரில் முதல் வரிசை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு மணி நேரத்தில் காளைக்குக் கீழே நானும் சரோஜாவும்தான் மிச்சம். மீதிப் பேர் எல்லாம் கோழிக்கு வந்து நின்றார்கள். பூரணாங்குப்பத்துப் பதினேழு பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். "பலகை தாங்காதுங்க, இன்னொரு கோட்டு அடிச்சா பெயின்ட் உரிஞ்சுடும்" என்று ஏகாம்பரம் அழாத குறை.

அந்தக் கூட்டத்துக்குள் மலர்விழி வந்தாள். கையில் டேப் சுருள், வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருந்தது. பலகையை நிதானமாகப் படித்தாள்.

"அப்பா, காளையில இருக்க. திமிங்கலத்துல இருக்க. எங்க இருக்கணுமோ அங்க இல்லியே."

"எங்கடி?"

"கோழியில."

"நான் எதுக்குடி பயப்படணும்? எட்டுக் கம்பம் நட்டவன்."

"ஓசூர்னு சொன்னதுலேர்ந்து உனக்குச் சோறு எறங்கலன்னு அம்மா சொல்லிச்சு. பத்து நாளா."

சுற்றி நூறு பேர் லட்டு தின்றுகொண்டிருக்கிறார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் ஏகாம்பரத்தின் கையிலிருந்து தூரிகையை வாங்கி, கோழிக்குக் கீழே மிச்சமிருந்த இண்டில் என் பெயரைக் கோணல் மாணலாக எழுதினாள். பெயின்ட் ஒழுகி, கடைசி எழுத்துக்கு வால் முளைத்தது. அழிக்கச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் பெட்டிகளைப் பிரித்தோம். ஒட்டிய டேப்பைப் பிரிக்கும்போதும் அதே சத்தம்தான் வரும். ஆனால் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஒரு டம்ளர் உடைந்தது. அது நான் உடைத்தது.

என் பங்கு

தை பிறந்த பிறகு கம்பெனி பாண்டிச்சேரியில் ஒரு விழா வைத்தது. மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். முதலீட்டாளர் விழிப்புணர்வுக்காம். மேடையில் அவர் கம்பெனிக்கு நன்றி சொன்னார். பாத்திரக் கடைக்காரருக்குச் சொன்னார். பெயின்டர் ஏகாம்பரத்துக்குக்கூடச் சொன்னார். முன் வரிசையில் நான் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"உன் பேரைச் சொன்னா பலகை எப்டி வந்துச்சுன்னு கேப்பாங்கபா" என்று மகள் சமாதானம் சொன்னாள். அதுவும் சரிதான். மனிதரை மிருகம் என்று எழுதிய பலகையை உடனே கழற்றச் சொல்லி கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே கடிதம் போட்டிருந்தார்கள். பலகை இப்போது என் மாட்டுக் கொட்டகைக்குக் கதவு. எழுத்துப் பக்கம் உள்ளே. என் பசுமாடு தினமும் படிக்கிறது.

ஆனால் நடந்தது நடந்ததுதானே? ஆகவே இந்தப் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். வில்லியனூர் ஆபீஸ் மாடிப்படியின் அடியில், ஏறுகிறவன் கண்ணில் படுகிற உயரத்தில், ஒரு கல் பதிக்க வேண்டும். கல் என் செலவு. கொத்தனாரும் என் ஆள். 'இக்கிளை மூடப்படாமல் காத்தவர் பாகூர் ரைஸ் மில் பெ. அருணகிரி' என்று வெட்ட வேண்டும். 'விழாக்குழுவினர்' வேண்டாம்.

எந்த மிருகத்துக்குக் கீழே வெட்டுவது என்று மாப்பிள்ளை இழுக்கலாம். காளை என்று போட்டால் அது முறை. கோழி என்று போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன், அது என் மகள் கையால் எழுதியது.

ஆனால் தணிகாசலம் பெயருக்கு மேலே இருக்க வேண்டும்.